மோட்டார் ஏன் எரிந்தது?

திண்டுக்கல் என்றவுடன் நேயர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது என்ன? பூட்டு என்பார் சிலர். சிறுமலை வாழைப்பழம் என்பார் வேறு சிலர். பிரியாணி என்று கூறி நம் நாவில் ஜலம் ஊறச் செய்வாரும் உண்டு. நமக்கோ சென்ற மாதம் முதல், திண்டுக்கல் என்றால் எரிந்துபோன மோட்டாரின் நாற்றந்தான் ஞாபகம் வருகிறது.

நமது பழைய நண்பர் ஒருவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, மலைக்கோட்டைப் பாறை கண்ணுக்குத் தெரியும் சமவெளியிலே சிறு வீடு ஒன்று கட்டிக்கொண்டு வசிக்கிறார். வீட்டின் பின்புறம் மல்லிகைத் தோட்டம். தோட்டத்தின் கோடியில் ஒரு கிணறு. கிணற்றின் பக்கத்தில் ஒரு குதிரைச் சக்தி மோட்டார். நாம் போய் இறங்கிய தினத்தன்று அந்த மோட்டார் மூன்றாவது முறையாகக் காயில் கருகி, திண்ணையில் பிரேதம் போலக் கிடந்தது. ஒரே வருஷத்தில் மூன்று முறை! ஒவ்வொரு முறையும் ஆயிரக் கணக்கில் செலவு. இதற்கிடையில் செடிகள் வாடின.

திண்ணையில் ஒரு பஞ்சாயத்தே கூடியிருந்தது. நண்பர் வைண்டிங் கடைக்காரரைக் குற்றஞ் சொன்னார். கடைக்காரரோ, "ஐயா, நான் நல்ல செம்புக் கம்பியிலேதான் காயில் கட்டிக் கொடுத்தேன். லோ வோல்டேஜிலே ஓட்டினால் எந்த மோட்டார்தான் தாங்கும்?" என்றார். தோட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் பெரியவர், "லைன்மேன் தம்பி மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, 205 வோல்ட் இருக்கிறது, போதும் என்று சொன்னாரே!" என்றார்.

நண்பர் நம் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்கள். வோல்ட் குறைந்தால் மோட்டார் மெதுவாகத்தானே ஓடவேண்டும்? எரிவானேன்? அந்தக் காலத்துக் குண்டு பல்பு வோல்ட் குறைந்தால் மங்கியதேயன்றி வெடித்ததில்லையே!" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இதற்கு விடை காண வேண்டுமானால், நாம் தினந்தோறும் வாயால் சொல்லிக்கொண்டிருக்கும் மூன்று வார்த்தைகளின் பொருளைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அவை வோல்ட், ஆம்பியர், ஓம் என்பன. தமிழில் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை.

மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. கீழ்க்கட்டிலுள்ள குழாயைத் திறந்தால் ஜலம் வேகமாய்ப் பாய்கிறது. மேல்மாடிக் குழாயைத் திறந்தாலோ சோம்பலாய் வருகிறது. ஜலம் ஒன்றே, தொட்டியும் ஒன்றே. வித்தியாசம் உயரத்தில் இருக்கிறது. அந்த உயர வித்தியாசந்தான் மின்சாரத்தில் வோல்ட். குழாயிலிருந்து நிமிஷத்திற்கு எத்தனை குடம் ஜலம் வருகிறதோ, அது ஆம்பியர். குழாயின் குறுகலும், நீளமும், உள்ளே படிந்த உப்பும் சேர்ந்து ஜலத்தை எவ்வளவு தடுக்கின்றனவோ, அது ஓம்.

ஆகவே வோல்ட் என்பது ஓடுகிற பொருளன்று. ஓடச் செய்கிற காரணம். அதுவும் எப்போதும் இரண்டு இடங்களுக்கு இடையேயுள்ள வித்தியாசமேயாகும். "இந்தக் கம்பியில் எத்தனை வோல்ட்?" என்று கேட்பது, "இந்த இடம் எவ்வளவு உயரம்?" என்று கேட்பது போலத்தான். எதிலிருந்து உயரம் என்று சொன்னாலன்றி அதற்கு விடையில்லை. மின்சாரக் கம்பியில் வந்து உட்காரும் காக்கை சாகாததன் இரகசியமும் இதுவே. அதன் இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. வித்தியாசம் இல்லாதபடியால் காக்கையின் உடலில் மின்சாரம் பாய்வதில்லை. அதே காக்கையின் சிறகு பக்கத்துக் கம்பியைத் தொட்டுவிட்டால் கதை வேறாகிவிடும்.

தொட்டி உதாரணத்தில் ஒரு குறை உண்டு. குழாயை வெட்டினால் ஜலம் கொட்டும். மின்கம்பியை வெட்டினால் ஒன்றும் கொட்டாது, ஓட்டம் நின்றுவிடும். மின்சாரம் போய்த் திரும்பி வர ஒரு முழுச் சுற்று வேண்டும். இதற்குத் திண்டுக்கல் சமவெளியில் பம்புசெட்டு வருவதற்கு முன்பு எங்கும் இருந்த கமலையை நினைத்துக்கொள்வது பொருத்தமாயிருக்கும். கமலை மாடுகள் ஜலத்தை உண்டாக்குவதில்லை. தாழ்ந்திருப்பதை உயரத்துக்கு ஏற்றுகின்றன. ஏறிய ஜலம் வாய்க்காலில் இறங்குகையில் வேலை செய்கிறது. மின்சார நிலையத்திலுள்ள இயந்திரமும் மின்சாரத்தைப் புதிதாய்ச் சிருஷ்டிப்பதில்லை. செம்பிலும் அலுமினியத்திலும் ஏற்கெனவே இருக்கும் மின்துகள்களுக்கு அழுத்த வித்தியாசத்தைத் தருவதே அதன் வேலை. அந்த வித்தியாசம் நம் வீட்டுச் சுற்றில் செலவழிந்துவிடுகிறது.

இனி இம்மூன்றையும் ஒன்றாய் முடிபோட்டவர் யார் என்று பார்ப்போம். பூட்டுக்குப் பெயர்போன ஊரைப் பற்றி எழுதும்போது இவ்விஷயத்தைச் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ம் ஆண்டில் புவிசார் குறியீடு என்னும் மரியாதை கிடைத்தது. மின்சாரத்தின் அடிப்படை விதியைக் கண்டறிந்த ஜார்ஜ் ஸைமன் ஓம் என்பவரும் ஒரு பூட்டுத் தொழிலாளியின் பிள்ளை!

ஜெர்மனியில் எர்லாங்கன் என்னும் ஊரில் 1789-ம் ஆண்டில் ஓம் பிறந்தார். தகப்பனார் பள்ளிக்கூடம் சென்று அதிகம் படித்தவரல்லர். ஆனால் தாமே முயன்று கணிதமும் விஞ்ஞானமும் கற்று, தம் பிள்ளைகளுக்கும் கற்பித்தார். கொலோன் நகரத்துப் பள்ளியொன்றில் ஆசிரியராயிருந்த ஓம், ஓய்வு நேரத்தில் கம்பிகளை வைத்துக்கொண்டு பரிசோதனை செய்தார். இத்தாலிய அறிஞர் வோல்டா 1800-ம் ஆண்டில் வெளியிட்ட மின்னடுக்கின் சக்தி நிலையாக இராமல் குறைந்துகொண்டே போனது அவருக்குப் பெரிய தொல்லையாயிருந்தது. ஆகவே பிஸ்மத்தையும் செம்பையும் பொருத்தி, ஒரு பொருத்தைக் கொதிக்கும் நீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத அழுத்தத்தைப் பெற்றார். பிறகு ஒரே கனமுள்ள செம்புக் கம்பிகளைப் பல நீளங்களில் இணைத்து, ஒரு காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார்.

அவர் கண்ட உண்மை மிக எளியது. அழுத்தம் இரட்டித்தால் ஓட்டமும் இரட்டிக்கும். தடை இரட்டித்தால் ஓட்டம் பாதியாகும். அதாவது, வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 1827-ம் ஆண்டில் இதை அவர் புஸ்தகமாய் வெளியிட்டார். அவருடைய சொந்த நாட்டில் அதை மதித்தவர் சிலரே. மனமுடைந்து உத்தியோகத்தையும் விட்டார். 1841-ம் ஆண்டில் இங்கிலாந்தின் ராயல் சங்கம் அவருக்குக் காப்லி பதக்கம் அளித்த பிறகே கௌரவம் திரும்பியது. 1852-ல் மூனிச் சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியரானார். அதற்கு இரண்டே வருஷம் கழித்துக் காலமானார். 1881-ம் ஆண்டில் பாரிஸில் கூடிய சர்வதேச மின்சார மகாநாடு, வோல்டா, பிரெஞ்சு அறிஞர் ஆம்பியர், ஓம் ஆகிய மூவரின் பெயர்களையும் அளவைகளுக்குச் சூட்டியது. தகப்பனார் செய்த பூட்டுக்கள் எங்கே போயினவோ. பிள்ளையின் பெயர் இன்று ஒவ்வொரு மின்சாரத் தொழிலாளியின் வாயிலும் இருக்கிறது.

திண்ணைக்குத் திரும்புவோம்.

வீட்டிலுள்ள துணி தேய்க்கும் பெட்டி 1,000 வாட் என்று வைத்துக்கொள்வோம். நமது தேசத்தில் வீட்டு இணைப்புக்கு விதித்திருக்கும் அழுத்தம் 230 வோல்ட். பெட்டியின் தடை ஏறக்குறைய 53 ஓம். 230-ஐ 53-ஆல் வகுத்தால் 4.3 ஆம்பியர். அழுத்தம் 173 ஆகக் குறைந்தால் ஓட்டமும் 3.3 ஆம்பியராய்க் குறையும். வெப்பமோ பாதிக்குச் சற்று அதிகமாக மட்டுமே இருக்கும். புடவை தேய நேரமாகுமேயன்றிப் பெட்டிக்கு ஒரு தீங்கும் வராது. குண்டு பல்பும் இந்த ஜாதிதான். நண்பர் சொன்ன நியாயம் இவற்றுக்கு முற்றும் பொருந்தும்.

மோட்டார் வேறு ஜாதி. அதற்கு வேலை குறித்தாகிவிட்டது. இத்தனை அடி ஆழத்திலிருந்து இவ்வளவு ஜலத்தை ஏற்றியாக வேண்டும். மோட்டார் முழு வேகத்தில் சுழலும்போது, அந்தச் சுழற்சியே காயிலுக்குள் ஓர் எதிர் அழுத்தத்தை உண்டாக்குகிறது. வெளியிலிருந்து 230 வோல்ட் தள்ளினால், உள்ளிருந்து ஏறக்குறைய அதே அளவு எதிர்த்துத் தள்ளும். மிச்சமிருக்கும் சிறு வித்தியாசமே ஓட்டத்தை நிர்ணயிக்கிறது. ஆகவே நன்றாய்ச் சுழலும் மோட்டார் அடக்கமாய் ஏழு ஆம்பியரோடு திருப்தி அடைகிறது. வெளி அழுத்தம் குறைந்தால் மோட்டார் சற்றுத் தளர்கிறது. ஆனால் தலைமேலிருக்கும் பாரம் குறையவில்லை. அதே பாரத்தை இழுக்க அதிக ஆம்பியரை வாங்கிக்கொள்கிறது. குறைந்த கூலிக்கு அதே மூட்டையைச் சுமக்கச் சொன்னால், கூலியாள் இரண்டு நடை அதிகம் நடந்து ஈடுகட்டுவதைப் போல.

மோட்டார் சுழலாமலே நின்றுவிட்டாலோ எதிர் அழுத்தம் அறவே இல்லை. அப்போது அது வெறுங் கம்பிச் சுருளேயாகும். ஸ்விட்சு போட்ட கணத்தில் எல்லா மோட்டாரும் இந்த நிலையில்தான் இருக்கின்றன. வழக்கமாக ஏழு ஆம்பியர் வாங்கும் மோட்டார் அந்தக் கணத்தில் 35 ஆம்பியர் வாங்கும். ஓரிரு விநாடிகளில் வேகம் பிடித்துவிட்டால் அபாயமில்லை. வேகம் பிடிக்காமல் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே நின்றால்தான் யமன் வந்துவிட்டான் என்று அர்த்தம்.

கடைக்காரர் பெருமையுடன் தலையாட்டினார். "ஆனால் லைன்மேன் 205 வோல்ட் என்றாரே? அது அவ்வளவு மோசமில்லையே?" என்றார் நண்பர். இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருந்தது. லைன்மேன் பார்த்தபோது மோட்டார் ஓடவில்லை!

வீட்டு மீட்டரிலிருந்து கிணறு 100 மீட்டர் தூரம். போக ஒரு கம்பி, திரும்ப ஒரு கம்பி. ஆக 200 மீட்டர். நண்பர் போட்டிருந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி; வீட்டு விளக்குகளுக்குப் போடுவது. அதன் தடை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 12 ஓம். 200 மீட்டருக்கு 2.4 ஓம். நடுவில் ஓரிடத்தில் கம்பி அறுந்து, யாரோ கையால் முறுக்கி, கறுப்பு நாடா சுற்றியிருந்தார்கள். பச்சை பூத்திருந்த அந்த முடிச்சே சுமார் ஒரு ஓம் தடை கொடுத்தது. ஆக மொத்தம் 3.4 ஓம்.

மோட்டார் ஓடாதபோது கம்பியில் ஓட்டமில்லை. ஓட்டமில்லாவிட்டால் தடை எவ்வளவிருந்தாலும் அழுத்தம் குறையாது. குழாயை மூடியிருக்கும்போது உப்பு அடைத்த குழாயிலும் முழு அழுத்தந்தான் காட்டும். ஆகவே கிணற்றடியிலும் 205, வீட்டிலும் 205. லைன்மேன் பொய் சொல்லவில்லை.

கடைக்காரர் ஒரு பழைய மோட்டாரை இரவல் கொடுத்தார். அதை ஓடவிட்டு இரு முனைகளிலும் அளக்கச் சொன்னோம். முதலில் ஓடவே மறுத்தது, முனகியது, தோட்டக்காரர் பழக்கப்பட்ட கையால் சுழற்றிவிட்ட பிறகே ஓடியது. (இது மிகவும் அபாயகரமான பழக்கம், வாசகர்கள் ஒருபோதும் செய்யலாகாது.) ஓடும்போது வீட்டில் 200 வோல்ட், கிணற்றடியில் 173! வழியில் 27 வோல்ட் மாயமாய்விட்டது. 8 ஆம்பியரை 3.4 ஓமால் பெருக்கிப் பாருங்கள். அதே 27 வரும். ஓம் சொன்னது ஓர் இம்மியும் பிசகவில்லை.

தொடக்கக் கணத்தின் கதை இன்னும் பரிதாபம். 230 வோல்ட்டில் 35 ஆம்பியர் வாங்கும் நின்ற மோட்டாரின் தடையை ஏறக்குறைய 6.5 ஓம் என்று கொள்ளலாம். மாறுமின்னோட்டத்தில் காயிலின் காந்தத் தடையும் சேருமாகையால் இது தோராயக் கணக்கேயாம். கம்பியின் 3.4-ஐக் கூட்டினால் சுமார் 10 ஓம். 200-ஐ 10-ஆல் வகுத்தால் 20 ஆம்பியர். மோட்டாருக்குக் கிடைக்கும் அழுத்தம் 130 வோல்ட். மீதி 70 கம்பியிலேயே தீர்ந்துபோகிறது. மோட்டாரின் உந்து பலமோ அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 130 வோல்ட்டில் அது மூன்றில் ஒரு பங்கே இருக்கும். அந்தப் பலத்தில் எப்படி எழுந்திருக்கும்? எழுந்திருக்காத மோட்டாரில் 20 ஆம்பியர் ஓடிக்கொண்டேயிருக்கும். வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், ஏழு ஆம்பியருக்கென்று கட்டிய காயிலில் எட்டு மடங்கு வெப்பம். சில நிமிஷங்களில் கம்பிமேல் பூசிய வார்னிஷ் கருகிவிடும். அந்த நாற்றந்தான் நாம் முகர்ந்தது.

"பியூஸ் போயிருக்க வேண்டுமே!" என்று கேட்டோம். தோட்டக்காரர் சற்றுத் தலைகுனிந்தார். "அடிக்கடி போய்க்கொண்டே இருந்தது, ஐயா. அதனால் இரண்டு இழை தடிக் கம்பி போட்டுவிட்டேன்" என்றார். காவற்காரன் அடிக்கடி கூச்சலிடுகிறான் என்று அவன் வாயைக் கட்டிவிட்டு, திருடன் வந்தான் என்று அழுத கதையாயிற்று.

மறுநாள் வேலை நடந்தது. 4 சதுர மில்லிமீட்டர் கம்பி, நடுவில் முடிச்சில்லாமல் ஒரே நீளமாய்ப் போடப்பட்டது. அதன் தடை 200 மீட்டருக்கு 0.9 ஓம். மோட்டாருக்குத் தகுந்த ஆம்பியரில் தானே விழும் ஸ்விட்சும் வைத்தார்கள். காயில் கட்டிய மோட்டார் திரும்பி வந்ததும் அளந்தோம். ஓடும்போது கிணற்றடியில் 193 வோல்ட். கையால் தொடாமலே, ஒரு விநாடியில் வேகம் பிடித்தது. கம்பிக்கு ஆன செலவு இரண்டு முறை காயில் கட்டும் செலவுக்குள் அடங்கிவிட்டது என்று நண்பர் கணக்குப் பார்த்துச் சொன்னார்.

இது ஒரு வீட்டுக் கதை. ஆனால் திண்டுக்கல் சமவெளி முழுவதும், தமிழ் நாட்டின் கிணற்றுப் பாசனப் பிரதேசம் முழுவதும், இதே கதைதான் பெரிய அளவில் நடக்கிறது. ஒரு டிரான்ஸ்பார்மரிலிருந்து நீண்ட கம்பி புறப்பட்டு, வழியில் பல கிணறுகளுக்குக் கிளை பிரிகிறது. கடைசிக் கிணற்றுக்காரருக்கு எஞ்சுவது வழியிலுள்ளவர்கள் விட்ட மிச்சமே. கடைமடை விவசாயிக்கு வாய்க்கால் ஜலம் சேராதது போல வோல்ட்டும் சேருவதில்லை. மழை பொய்த்துக் கிணறு தாழத்தாழ, அதிகக் குதிரைச் சக்தி மோட்டார் வைக்கிறார்கள். ஆம்பியர் ஏறுகிறது, அழுத்தம் இன்னும் விழுகிறது, பக்கத்துத் தோட்டத்து மோட்டாரும் சேர்ந்து எரிகிறது.

நமது ராஜ்யத்தில் 1990-ம் ஆண்டு முதல் விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். ஏழை உழவனுக்கு இது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் மின்சாரத்துக்குப் பணங் கொடுக்காத விவசாயி, காயில் கட்டும் கடையில் வருஷாவருஷம் கட்டணம் செலுத்துகிறார். அந்த ரசீதை எந்தச் சர்க்காரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நமது தேசத்தின் கிராமங்கள் அனைத்துக்கும் மின்சாரம் வந்துவிட்டதாக 2018-ம் ஆண்டு ஏப்ரல் 28-ல் அறிவித்தார்கள். மணிப்பூரின் லெய்சாங் என்ற சிற்றூர் அப்பட்டியலில் கடைசி. மகிழ்ச்சிக்குரிய நாள்தான். எனினும் கம்பி வந்து சேருவது ஒன்று, அழுத்தம் வந்து சேருவது வேறொன்று.

இதற்குப் பரிகாரமும் ஓமின் கணக்கிலேயே இருக்கிறது. அழுத்தத்தை நூறு மடங்கு உயர்த்தி அனுப்பினால், அதே சக்தியைக் கொண்டுபோக நூறில் ஒரு பங்கு ஆம்பியர் போதும். கம்பியில் வீணாகும் வெப்பமோ பதினாயிரத்தில் ஒரு பங்காய்விடும். 1932-ம் ஆண்டில் நீலகிரியில் பைக்காராவும், 1937-ல் மேட்டூரும், 1944-ல் பாபநாசமும் மின்சாரம் தர ஆரம்பித்தபோது, மலையடியில் பிறந்த சக்தி சமவெளி நகரங்களை எட்டியது இந்த யுக்தியால்தான். ஊர்ப்புறத்தில் நாம் காணும் கம்பங்களில் 11,000 அல்லது 22,000 வோல்ட் செல்கிறது. டிரான்ஸ்பார்மருக்கு அப்பால் 400-க்கும் 230-க்கும் இறங்கியபின், நீண்ட தூரம் போகலாகாது. ஆந்திரம் முதலிய இடங்களில் உயர் அழுத்தக் கம்பியைக் கிணறுகளின் அருகே வரை கொண்டுபோய், சில கிணறுகளுக்கு ஒன்றாய்ச் சிறு டிரான்ஸ்பார்மர்களை வைத்திருக்கிறார்கள். பெரிய டிரான்ஸ்பார்மர் ஒன்று தூரத்தில் இருப்பதைவிடச் சிறியவை பல அருகிலிருப்பது மேல். கிராமத்தார் ஒன்றுகூடி அதிகாரிகளிடம் கேட்க வேண்டியது இதுவே.

மின்சாரம் உயிரை வாங்கும் விதத்தையும் இம்மூன்று வார்த்தைகளே விளக்குகின்றன. உடம்பில் பாயும் ஆம்பியர்தான் கொல்கிறது. பாயச் செய்வது வோல்ட். தடுப்பது நம் தோலின் ஓம். உலர்ந்த கையின் தடை பல ஆயிரம் ஓம் இருக்கும். நனைந்த கையோடும் வெறுங்காலோடும் சேற்றில் நிற்பவரின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 0.23 ஆம்பியர். இருதயத்தை நிறுத்த இதில் ஒரு பகுதியே போதும். பம்பு அறையோ எப்போதும் ஈரம்! ஆயிரத்தில் 30 பங்கு ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் கருவி இப்போது கடைகளில் கிடைக்கிறது. எலெக்ட்ரீஷியனிடம் 30 மில்லி ஆம்பியர் கசிவு ஸ்விட்சு என்று கேட்டால் தெரியும். அதுவும் ஒழுங்கான எர்த் கம்பியும் மோட்டாரைவிட முக்கியமானவை.

காட்டுப்பன்றிக்குப் பயந்து வேலியில் நேராக வீட்டு மின்சாரத்தை இணைக்கும் பாதகச் செயலும் மலையடிவாரங்களில் நடக்கிறது. "சூரிய சக்தி வேலியில் ஆயிரக் கணக்கான வோல்ட் வைக்கிறார்களே, 230 என்ன பிரமாதம்?" என்று சிலர் வாதிக்கிறார்கள். முறைப்படி அமைத்த சூரிய வேலியில் வோல்ட் அதிகமானாலும், ஒரு விநாடிக்கு ஒரு முறை, கண்ணிமைக்கும் நேரத்திலும் மிகச் சிறிய நேரமே துடிப்பாய்ப் பாய்கிறது. பிராணி திடுக்கிட்டு ஓடும், சாகாது. வீட்டு மின்சாரமோ இடைவிடாது பாய்ந்து, பன்றியையும் யானையையும் மட்டுமன்றி, விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதனையும் கொன்றுவிடும். அது சட்டப்படியும் குற்றம், மனச்சாட்சிப்படியும் குற்றம்.

முடிவாக நேயர்களுக்கு நாம் கூற விரும்புவன சில. முன்பெல்லாம் மாலையில் குண்டு பல்பு மங்கினால் வீட்டிலுள்ள குழந்தைகூட, "கரண்டு குறைந்துவிட்டது" என்று சொல்லும். இன்றைய எல்.இ.டி. விளக்குகளிற் பல அழுத்தம் வெகுவாய்க் குறைந்தாலும் மங்குவதில்லை. ஆகவே கண்ணுக்குத் தெரிந்த அந்த எச்சரிக்கை போய்விட்டது. மோட்டாரும் குளிர்பெட்டியும் சத்தமின்றிக் கஷ்டப்படுகின்றன. தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து, மோட்டார் ஓடும்போது, மீட்டர் அருகிலும் மோட்டார் அருகிலும் வோல்ட்டை அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் பத்து வோல்ட்டுக்கு மேல் வித்தியாசமிருந்தால் குற்றம் உங்கள் கம்பியில். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் குற்றம் தெருக் கம்பியில். அப்போது மனு எழுதுங்கள். முறுக்கிய முடிச்சுக்கள் சுடுகின்றனவா என்று விசாரியுங்கள். எட்டு ஆம்பியர் ஓடும் கம்பியில் ஒரு ஓம் முடிச்சு இருந்தால் அந்த ஒரே இடத்தில் 64 வாட் வெப்பம் எழுகிறது. ஈயம் பற்றவைக்கும் இரும்பின் சூடு அது. பியூஸ் அடிக்கடி போனால் காரணத்தைத் தேடுங்கள். தடிக் கம்பியைத் தேடாதீர்கள்.

நாம் விடைபெற்றபோது நண்பரின் மனைவியார் ஒரு பந்து மல்லிகையை இலையில் கட்டிக் கொடுத்தார். "மூன்று மோட்டார் எரிந்த பிறகு பூத்த பூ, பத்திரமாய்க் கொண்டுபோங்கள்" என்றார். ரயிலில் ஏறும் வரையில் அதன் வாசனை நம்மோடு வந்தது. வார்னிஷ் நாற்றம் அன்றுதான் மூக்கை விட்டு அகன்றது.